சனிக்கிழமைத் தோழிகள்

ஜொகூரில் வேலை செய்கிறவர்களுக்கு வெகு காலம் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்குச் சனியும் ஞாயிறும். ஒரே வீட்டில் புருஷனுக்கு ஒரு விடுமுறை, பெண்டாட்டிக்கு இன்னொரு விடுமுறை என்று குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. கல்யாணமோ காது குத்தோ எதுவானாலும் சனிக்கிழமையில் வைத்துவிடுவோம். எல்லாருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு நாள்தான்.

எனக்கும் என் இரண்டு தோழிகளுக்கும் பொதுவாக இருந்ததும் அதுதான். நான் பத்து பாகாட்டில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா, எங்கள் பேச்சில் கிராணி. அவர்கள் இருவரும் ஜொகூர் பாருவில் வீடு எடுத்துக்கொண்டு தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள். மூவரும் பத்து பாகாட்டில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். ஒருத்தி யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்த குடும்பத்துப் பெண். பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் ‘சிலோன்காரி’ என்று பெயர் வைத்தோம், அதுவே நிலைத்துவிட்டது. இன்னொருத்தியின் குடும்பம் எஸ்டேட்டிலிருந்து டவுனுக்கு வந்தது. பின்னாளில் அவளுடைய சித்தப்பா மகனை நான் கட்டிக்கொண்டதால் அவள் எனக்கு நாத்தனார் ஆனாள். கல்யாணம் முறிந்த பிறகும் அந்தப் பெயரை நான் மாற்றவில்லை.

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கடற்கரைக்குப் போவோம். மெர்சிங்குக்குப் பக்கத்தில், கரையை ஒட்டி வாடகைக்கு விடும் சிறு வீடு ஒன்று. சனிக்கிழமை போய், இரவு தங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்புவது என்று ஏற்பாடு. அதாவது அவர்களுக்கு. எனக்கு ஞாயிற்றுக்கிழமை அலுவலகம். நான் சனிக்கிழமை மத்தியானம் வந்து, சாப்பிட்டு, கடலில் கால் நனைத்து, சாயங்காலமே திரும்பிவிட வேண்டும்.

வருவதும் போவதும் லேசான காரியமில்லை. எங்கள் பக்கத்துக் கடற்கரை வெறும் சேறு, அதனால் மணல் வேண்டுமென்றால் மேற்கிலிருந்து கிழக்குக்குப் போக வேண்டும். நேர் பஸ் கிடையாது. பத்து பாகாட்டிலிருந்து குளுவாங்குக்கு ஒரு பஸ். அங்கே காத்திருந்து மெர்சிங்குக்கு இன்னொன்று. அதற்கப்புறம் யாராவது மனசு வைத்தால்தான் கடற்கரை. முதல் பஸ் கொஞ்சம் தாமதித்தால் இரண்டாவது போய்விடும். இரண்டாவது போய்விட்டால் அந்த நாளே போய்விடும். திரும்பும்போதும் இதே கூத்து.

திரும்பும் பஸ் விஷயத்தில் மட்டும் என் தோழிகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. சிலோன்காரி வாரத்தின் நடுவிலேயே எனக்காக பஸ் நேரத்தை விசாரித்து வைத்துவிடுவாள். தன் காடியிலேயே, அதாவது காரிலேயே, என்னை மெர்சிங் பஸ் நிலையத்துக்குக் கொண்டு போய் விடுவாள். கையில் கறிபாப் பலகாரம் கட்டிய பொட்டலம் கொடுப்பாள். நான் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பஸ் திருப்பத்தில் மறையும் வரைக்கும் நின்று கையாட்டுவாள். இப்படிப்பட்ட சிநேகிதிகள் யாருக்கு வாய்க்கும் என்று மறுநாள் அலுவலகத்தில் பெருமையடித்துக்கொள்வேன். கேட்டவர்கள் வயிறெரிந்தார்கள். எனக்கு அதிலும் ஒரு சந்தோஷம்.

விவாகரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒத்துப்போகவில்லை என்று கோர்ட்டில் எழுதியிருக்கிறார்கள். அவனுக்கு என் வாய் பிடிக்கவில்லை, எனக்கு அவன் அம்மாவின் வாய் பிடிக்கவில்லை. கழுத்தில் தாலி இருந்த வரைக்கும் ‘அவர்’ என்று சொன்னேன், இப்போது ‘அவன்’. தீர்ப்பு வந்த வாரம் நாத்தனார் ஜொகூர் பாருவிலிருந்து என் வீட்டுக்கு வந்தாள். என் அடுப்படியில் நின்று காப்பி கலக்கிக்கொண்டே, “அவன் என் அண்ணனே இல்ல. இனிமே அவன் முகத்துல முழிக்க மாட்டேன். இது சத்தியம்டி” என்றாள். நான் கேட்கவே இல்லை. ரத்த சம்பந்தத்தை வெட்டிக்கொள் என்று யாராவது கேட்பார்களா? கேட்காமலே செய்த சத்தியம் என்பதால்தான் அதை அப்படியே நம்பினேன். அவன் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்ட செய்தியையும் அவள்தான் கொண்டு வந்தாள், கூடவே நாலு வசவும்.

அதற்குப் பிறகு எனக்கென்று மிஞ்சியது அவர்கள் இருவர்தான். எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது, சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். ஒரு ராத்திரி அவர்களோடு அங்கே தங்க வேண்டும். கோழி சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, பாயைப் போட்டு, பள்ளிக்கூடத்து வாத்தியார்களைத் திட்டிக்கொண்டே மூவரும் தூங்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது அவர்களுடைய படங்கள் போனுக்கு வரும். நெருப்பு, கோழி, கடல், தோளில் கை போட்டுக்கொண்டு இருவர். அலுவலகக் கழிவறைக்குள் போய் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். அவ்வளவு ஏக்கம்.

பிறகு ஒரு வருஷத் தொடக்கத்தில் ஜொகூரின் விடுமுறையையே மாற்றிவிட்டார்கள். எங்களுக்கும் சனி, ஞாயிறு. பாலத்தில் நெரிசல் எந்த நாளுக்கு இடம் மாறியது என்று என் தோழிகள் இருவரும் போனில் புலம்பித் தள்ளினார்கள். அப்படியானால் உனக்கும் ஞாயிறு லீவுதானே என்று ஒருத்தி வாயிலிருந்தும் வரவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மறந்ததும் நல்லதாகப் போயிற்று, நேரில் போய்ச் சொல்லி அசத்தலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த பயணத்துக்கு மாற்றுத் துணி, போர்வை, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் எடுத்து வைத்து, பூனையைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை விடியும் முன்பே கிளம்பினேன். குளுவாங் போகும் பஸ் வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்று, என்னமோ கோளாறு என்று டிரைவர் கீழே படுத்துக்கொண்டார். குளுவாங்கில் இறங்கியபோது மெர்சிங் பஸ் போயிருந்தது. அடுத்தது மத்தியானத்துக்கு மேல்தான் என்றார்கள். மீன் வாங்க மெர்சிங் போகிற வயதான ஒரு சீனத் தம்பதியோடு டாக்சியில் இடித்துப் பிடித்து ஏறினேன். அந்தக் கிழவர் வழியெல்லாம் வாந்தி எடுத்தார். மெர்சிங்கில் இறங்கி நாத்தனாருக்குப் போன் செய்து, வந்து ஏற்றிக்கொள்ளச் சொன்னேன்.

“அங்கேயே யாராச்சும் கெடைப்பாங்க லா. நாங்க இப்பத்தான் கோழி ஊற வெச்சிக்கிட்டு இருக்கோம், கையெல்லாம் மசாலா” என்றாள்.

கொண்டுபோய் விட காடி உண்டு, கூட்டிக்கொண்டு வர காடி இல்லை. அன்றைக்கு இது எனக்கு உறைக்கவில்லை. தன் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, திரும்பிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் தன் வேனில் இளநீர்க் குலைகளோடு என்னையும் ஏற்றிக்கொண்டார். போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது.

“அலமாக்! என்னடி இப்படி வேர்த்து ஊத்துது?” என்று நாத்தனார் கட்டிக்கொண்டாள்.

“மொதல்ல சாப்பிடு. நீ திரும்பிப் போற பஸ்ஸ பார்த்து வெச்சிட்டேன். லேட் பண்ணினா குளுவாங்ல மாட்டிக்குவ” என்றாள் சிலோன்காரி.

நான் இன்னும் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இருங்கடி, சொல்கிறேன் என்று சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு பேசின் நிறையக் கோழி ஊறிக்கொண்டிருந்தது. இவ்வளவு எதற்கு என்றேன். மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றார்கள். கட்டில் காலுக்குப் பக்கத்தில் குழந்தைகள் இடுப்பில் மாட்டிக்கொண்டு மிதக்கிற மஞ்சள் வளையம் கிடந்தது. அது ஏது என்றேன். முன்னால் தங்கியவர்கள் விட்டுப் போயிருப்பார்கள் என்று நாத்தனார் கண் இமைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி சம்பல் வைத்தாள்.

கடலில் கொஞ்ச நேரம் நின்றோம். சிலோன்காரி இரண்டு தடவை வானத்தைப் பார்த்தாள், பல தடவை போனைப் பார்த்தாள். பிறகு காடிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“கெளம்பலாமா? மழ வர்ற மாதிரி இருக்கு.”

“நான் போகல. இன்னைக்கு இங்கதான் தங்குறேன். நாளைக்கு எனக்கும் லீவு!”

அதைச் சொல்லும்போது என் முகத்தில் இருந்த சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. கைகளைக்கூட விரித்து நின்றேன்.

இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். “லீவா? எப்படி?” என்றாள் நாத்தனார்.

“மாத்திட்டாங்கல்ல? நீங்கதானே பாலத்துல ஜாம்னு என்கிட்ட அழுதீங்க?”

“ரெண்டு கட்டில்தான் இருக்கு” என்றாள் சிலோன்காரி.

“நான் தரையில படுத்துக்குவேன்.”

“மாத்துத் துணி?”

“கொண்டு வந்திருக்கேன்.”

“பூனைக்கு யாரு சோறு போடுவா? பாவம்டி அது” என்றாள் நாத்தனார். என் பூனையை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை.

பிறகு அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அந்தக் கரையில் லைன் சரியாகக் கிடைக்காது. கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரமாக அங்கும் இங்கும் நடந்தாள். வீட்டுக்காரரிடம் எனக்கு ஒரு மெத்தை கேட்கிறாள் என்று நினைத்து, வேண்டாம் வேண்டாம் என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

அவள் கடற்கரையிலிருந்து திரும்பும் முன்பே வெள்ளைக் காடி ஒன்று வந்து வாசலில் நின்றது. முன் கதவைத் திறந்துகொண்டு அவன் இறங்கினான். என் முன்னாள் புருஷன். தொப்பை விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கதவைப் பிடித்த கையோடு அப்படியே நின்றான். பின் கதவிலிருந்து ஒரு சின்னப் பெண் குதித்து, “அத்தே!” என்று மணலில் ஓடிப்போய் நாத்தனாரின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. பிறகு யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் ஓடி, கட்டில் காலுக்குப் பக்கத்தில் கிடந்த மஞ்சள் வளையத்தை மாட்டிக்கொண்டு வந்தது. வந்து என்னை அண்ணாந்து பார்த்தது.

“இந்த ஆன்ட்டி யாரு?”

“இவங்க இப்பக் கெளம்பப் போறாங்க” என்றாள் நாத்தனார்.

பள்ளிக்கூடப் பெஞ்சிலிருந்து கூட வந்தவள் என்னைப் பற்றிக் குழந்தையிடம் சொல்ல அவ்வளவுதான் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை.

கடைசியாக அவன் மனைவி இறங்கினாள். ஒல்லியான பெண், பொந்தியான் பக்கத்தவள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கையில் மீ கோரெங் நூடுல்ஸ் நிறைந்த பெரிய டப்பா. அவள் என்னைப் பார்த்துத் தயங்கவில்லை. டப்பாவைப் படியில் வைத்துவிட்டு நேராக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். படத்தில் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

“அக்கா, உங்களப் பார்த்து ஒரு தடவ நன்றி சொல்லணும்னு இத்தன நாளா நெனச்சிக்கிட்டே இருந்தேன்” என்றாள்.

“எதுக்கும்மா?”

“எங்களுக்காகத்தானே ஒவ்வொரு தடவையும் நாங்க வர்றதுக்கு முன்னாடியே கெளம்பிருவீங்க? அவங்க வந்து சந்தோசமா இருக்கட்டும்னு சொல்லிட்டு பஸ் புடிச்சிப் போயிருவீங்களாம். இதோ இந்த அண்ணிதான் சொன்னாங்க. அந்த மனசு யாருக்கு வரும்க்கா? நானா இருந்தா செய்ய மாட்டேன்.”

அப்போதுதான் எல்லாம் வரிசையாக விளங்கியது. விசாரித்து வைத்த பஸ் நேரம், கையில் திணித்த பொட்டலம், பஸ் மறையும் வரைக்கும் நின்று பார்த்தது. நான் போய்விட்டேன் என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் திரும்பியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைப் படங்களில் இருவருமே இருக்கிறார்களே, எடுத்தது யார் என்று ஒரு நாளாவது நான் யோசித்தேனா? எனக்கு அவன் மேல்கூட அவ்வளவு கோபமில்லை. நான் ஏறிய பஸ்ஸும் இவர்கள் வந்த காடியும் எத்தனை தடவை ஜெமாலுவாங் சாலையில் எதிரெதிரே போயிருக்கும் என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை. நான் ஜன்னல் ஓரம் கறிபாப் தின்றுகொண்டு, என் சிநேகிதிகளை நினைத்து உருகிக்கொண்டு போயிருப்பேன்.

அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நாத்தனார் நின்றாள். கண்ணில் தண்ணீர், தலையை மெல்ல, வேண்டாம் என்பதுபோல ஆட்டினாள். சிலோன்காரி சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாம்மா என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்குப் பெரிய மனசுக்காரி என்ற பெயர் நிலைக்கும், என் தோழிகள் என் காலடியில் கிடப்பார்கள், இனி வரும் சனிக்கிழமைகளும் மிஞ்சும். எனக்கு வேறு யாரும் இல்லை என்பதும் அந்த நேரத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

“இல்லம்மா. எனக்கு ஒன்னும் தெரியாது. ஞாயித்துக்கெழம எனக்கு ஆபீஸ், அதனாலதான் போனேன். நீங்க இங்க வர்றது தெரியாது. இந்தப் பொண்ணு பொறந்ததே இப்பத்தான் தெரியும். உங்க அண்ணி அவரு முகத்துல முழிக்க மாட்டேன்னு என் அடுப்படியில நின்னு சத்தியம் பண்ணாங்க.”

அவள் பிடி தளர்ந்தது. புருஷன் பக்கம் திரும்பி, “உங்களுக்கும் தெரியுமா?” என்றாள். அவன், “அவளுக்குத் தெரியும்னுதான் என்கிட்டயும் சொன்னாங்க” என்றான். அது நிஜமா பொய்யா என்று நான் ஆராயவில்லை. அந்தப் பெண் எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவள். அவள் முகம் சுருங்கிப்போனது எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் மேலே பேசினேன்.

“இன்னொன்னும் கேட்டுக்கங்க. உங்க கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் உங்க அண்ணி எனக்குப் போன் போட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? ‘பொந்தியான்லேர்ந்து ஒரு மூதேவிய இழுத்துக்கிட்டு வந்திருக்கான், மூஞ்சியப் பார்த்தா சோறு எறங்கல’ன்னு சொன்னாங்க. அப்படிச் சொன்னவங்களத்தான் நீங்க அண்ணி அண்ணின்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க.”

“அய்யோ, இல்ல, இல்லம்மா” என்று நாத்தனார் முன்னால் வந்தாள். அந்தப் பெண் அவளைப் பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கி, வளையத்தோடே காடிக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். தண்ணிக்குப் போகவில்லையா என்று குழந்தை வீறிட்டு அழுதது. அவனும் ஏறிக்கொண்டான். மீ கோரெங் டப்பா படியிலேயே இருந்தது.

காடி போன பிறகு இருவரும் என் மேல் பாய்ந்தார்கள்.

“கொழந்த முன்னாடி இப்படிப் பேசலாமா? உனக்கு மனசாட்சி இல்ல? எங்க குடும்பத்தையே பிரிச்சிட்டியேடி” என்று நாத்தனார் படியில் உட்கார்ந்து அழுதாள். “உன்னையும் விட முடியல, அண்ணனையும் விட முடியல. நான் என்னதான் செய்யிறது?”

அதில் ஓர் உண்மை இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு அவளுக்காக இரங்க எனக்கு விருப்பமில்லை.

“நீ எப்பவும் போல கெளம்பியிருந்தா யாருக்கும் ஒன்னும் ஆயிருக்காது. எல்லாரும் நல்லா இருக்கட்டும்னுதான் நாங்க பார்த்தோம்” என்றாள் சிலோன்காரி. சொல்லிவிட்டுக் கையிலிருந்த சாவியை ஆட்டிக் காட்டினாள். “வா. பஸ் போயிருந்தாலும் பரவாயில்ல. நானே பத்து பாகாட் வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போய் உன் வீட்டு வாசல்ல விட்டுட்டு வந்துர்றேன்.”

எத்தனை வருஷம் நான் பஸ் மாறி, டாக்சி பிடித்து, வெயிலில் காய்ந்து வந்தேன்? ஒரு தடவை குளுவாங் வரைக்குமாவது வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்று சொன்னதில்லை. என்னைத் துரத்த வேண்டும் என்றவுடன் ஜொகூரின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் காடி ஓடத் தயாராக இருந்தது. அவன் வந்து இறங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

“வேணாம். நாளைக்கு எனக்கு லீவு. காலையில பசியாறிட்டுத்தான் போவேன்” என்றேன்.

பையிலிருந்து போர்வையை எடுத்து, நல்ல கட்டிலாகப் பார்த்து விரித்துப் போட்டேன். பிறகு வெளியே போய்க் கரி மூட்டி, அவர்கள் அண்ணன் குடும்பத்துக்காக ஊற வைத்த கோழியில் எனக்கு வேண்டியதைச் சுட்டேன். அந்தப் பெண் சமைத்த மீ கோரெங்கையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன், கைப்பக்குவம் நன்றாக இருந்தது. நான் படுத்ததும் தூங்கிப்போனேன்.

காலையில் அவர்கள் மூட்டை முடிச்சோடு தயாராக நின்றார்கள், கண்கள் வீங்கியிருந்தன. பக்கத்துக் கடையில் பசியாறிவிட்டுப் போகலாம் என்றேன். வேண்டாம் என்று சொல்ல இருவருக்கும் துணிச்சல் இல்லை. எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள், அவர்களுடைய ரொட்டி சானாய் தொடப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது. நான் மெதுவாகச் சாப்பிட்டேன்.